பிரிக்காத எக்ஸ்ரே உறையின் மேல் விழுந்த முத்திரை குறித்து

அனுப்புநர்:
தையல் கடை உரிமையாளர்,
கதவு எண் 12, மூன்றாம் மாடி,
பேக்கரிக்குப் பின் தெரு.

பெறுநர்:
உரிம அலுவலர்,
நாய் இனப்பெருக்கப் பிரிவு,
கால்நடைத் துறை அலுவலகம்.

பொருள்: வயது நிறையாத, இடுப்பு மூட்டு பழுதுள்ள பெண் நாய்க்குத் தகுதிச் சான்று வழங்கியது – அதன் இரண்டாம் பிரசவத்துக்கு முன் நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களிடம் உரிமம் பெற்ற நாய்ப் பண்ணையில் ஏழு மாதங்களுக்கு முன் ஓர் ஆண் குட்டி வாங்கினேன். பண்ணைக்காரரைத் தெருவில் 'சாம்பியன்' என்பார்கள். முன்னறை அலமாரி நிறையக் கோப்பைகள். குட்டிக்கு என் மகள் 'பட்டன்' என்று பெயர் வைத்தாள். இப்போது அதற்கு ஒன்பது மாதம், எடை இருபத்தாறு கிலோ. பின்னங்கால்கள் படி ஏறாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நானும் மனைவியும் போர்வையில் கிடத்தி, தினம் இரு வேளை ஐம்பத்து நான்கு படிகள் இறக்கி ஏற்றுகிறோம்.

2. தங்கள் சான்றின் பின்பக்கம் விதிகள் அழகாக அச்சாகியுள்ளன: இரண்டு வயது நிறைந்து, இடுப்பு எக்ஸ்ரேயில் குறையில்லாத பெண் நாயை மட்டுமே இணை சேர்க்க வேண்டும். முன்பக்கம், பட்டனின் தாய்க்கு வயது மூன்று. எக்ஸ்ரே "நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன்". கீழே தங்கள் கையெழுத்து. அந்தத் தாயின் எக்ஸ்ரே உறையையும் சாம்பியன் கொடுத்தார். முத்திரை கலையக் கூடாதென்று தையல் மெஷின் டிராயரில் பத்திரப்படுத்தினேன். பிரிக்காமல் வைத்தது என் மடத்தனம்.

3. சென்ற வாரம் கால்நடை மருத்துவரம்மா என் முன்னிலையில் அதைப் பிரித்தார். எக்ஸ்ரே மையம் உறையின் வாயில் ஒட்டிய காகிதம் அதுவரை கிழியவே இல்லை. தங்கள் முத்திரை அந்தக் காகிதத்தின் மேல்தான் விழுந்திருந்தது. உறைக்குள் இருப்பதை உறைக்கு வெளியிலிருந்தே பார்த்துத் திருப்தியடையும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

4. நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் எண், படத்திலும் சான்றிலும் ஒன்றே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், "இது தாயோட எலும்பு மாதிரியா இருக்கு? இதுவே ஒரு குட்டியோட எலும்புண்ணே" என்றார். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் மூடவில்லை, வயது எட்டு மாதத்துக்கு மேல் இருக்காது, இடுப்புக் கிண்ணத்துக்கும் ஆழம் போதாது என்று எழுதிக் கொடுத்துள்ளார். படத்திலுள்ள தேதியிலிருந்து மூன்றாம் மாதம் பட்டன் பிறந்திருக்கிறது.

5. தங்கள் அலுவலகக் கவுன்டரில் கேட்டேன். "அதான் சீல் இருக்கில்ல சார், அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார் எழுத்தர். அங்கிருந்து பண்ணைக்குப் போனேன். "மாசக் கடைசில அவ மறுபடி குட்டி போடுறா. இதக் கொண்டாங்க, வேற ஒண்ணு தர்றேன். நீங்க சட்டை மாத்திக் குடுக்கறதில்லையா?" என்றார் சாம்பியன். அளவெடுக்காமல் நான் துணியில் கத்திரி வைப்பதில்லை என்பதை அவருக்கு விளக்கிப் பயனில்லை.

6. பின்னறையின் வழுக்கும் தரையில் அந்தத் தாயைப் பார்த்தேன். வயிறு தொங்கியது. என்னைக் கண்டு எழ, முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தது. பட்டன் எழுவதும் அப்படித்தான். அந்தத் தாய்க்கு இன்றும் இரண்டு வயது நிறையவில்லை. இன்னொரு பிரசவத்துக்குப் பிறகு அது எழுந்து நிற்குமா என்பதே சந்தேகம் என்கிறார் மருத்துவர்.

7. எனவே, மாதக் கடைசிக்குள் தாங்கள் நேரில் சென்று, அந்தத் தாயை அரசு கால்நடை மருத்துவமனைக்கு மாற்றி, இனி இணை சேர்க்கத் தடை விதித்து, சான்றை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பண்ணையின் மற்ற நாய்களின் எக்ஸ்ரேக்களையும் தாங்கள் இப்படியே பார்த்துத் திருப்தியடைந்திருப்பீர்கள். அந்த உறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன். எனக்கு மாற்றுக் குட்டி வேண்டாம். பட்டன் எங்களோடுதான் இருக்கும்.

எக்ஸ்ரே படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, இம்முறை உறையில் போடாமல் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல் கடை உரிமையாளர்

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: ஜூன் 11

நகல்: தங்கள் மேலதிகாரிக்கு, மருத்துவரின் கடிதத்துடன்.