இடது கைக்கு மட்டை இல்லை

எம்.ரெட்டியபட்டி
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்டெல்லா எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நான்காம் வகுப்புக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். ஜெகதீஸ்வரிதான் எல்லோரிலும் வேகம். ஆனால் இடதுகைக்காரி. ஹாக்கியில் இடதுகை மட்டையே கிடையாது. அவள் மட்டையின் உருண்டையான முதுகால் அடிக்கிறாள். அது தப்பாட்டம் என்று நானும் விசில் ஊதுகிறேன்.

நேற்று கையை மாற்றிப் பிடிக்கவைத்தேன். பந்து நகரவில்லை. “ஏய் பீச்சாங்கை, போய் உக்காரு!” என்று அவள் வகுப்பு மாரீஸ்வரன் சிரித்தான். அவள் என்னிடம், “வீட்ல சோத்துக்குக் கைய மாத்தச் சொல்றாக. இங்க விளையாட்டுக்குமா டீச்சர்?” என்றாள்.

இங்கே உப்புத்தண்ணீர், முடி கொட்டுகிறது. தேங்காய் எண்ணெய் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

மணி அடித்துவிட்டது. அவள் வகுப்புதான். எந்தக் கையில் மட்டையைக் கொடுப்பதென்று தெரியாமலே போகிறேன்.

ஸ்டெல்லா