வெளிச்சம் தூக்கிப்போன ஆள்

1979 பெப்ரவரி 3, சனி

வாங்க, இருங்க. எல்லாரும் சுகந்தானே? பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? பனி இன்னும் ஒரு மாதம் இருக்கும்போல் தெரிகிறது.

யாரைக் கேட்கிறேன்? கதை சொல்ல உட்கார்ந்தால் இப்படிக் கேட்டுப் பழகிவிட்டது, டயறியிலும் அதுவே வருகிறது. இந்த டயறி பதுளைக் கடைக்காரர் லத்தீப் நானா தந்தது. "செவனு, நீ ஊருக்கெல்லாம் கதை சொல்ற. ஒனக்கும் கொஞ்சம் சொல்லிக்க" என்றார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எனக்குப் புரிந்தால் போதும்.

சனிக்கிழமைதோறும் தேயிலைப் பெட்டிகளோடு மொஹிதீன் லொறியில் பதுளை ஸ்டேசனுக்குப் போவேன். பெட்டி இறக்கிய பிறகு நாலு மணிவரை எனக்கு வேலை இல்லை. படம் பார்ப்பேன். நாலு மணிக்குத் தியேட்டர் வாசலில் மொஹிதீன் ஹோர்ன் அடிப்பான். படம் எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். பதினோரு வருஷமாக ஒரு படத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை. முடிவை நானே செய்து சொல்லுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் இது தெரியாது.

இன்றைக்கு இங்கிலீஷ் படம். பேச்சு புரியாது, முகத்தைப் பார்த்தே கதையைப் பிடிக்க வேண்டும். சோளத்தோட்டம் வைத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரன். வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போகிறது. காலில் போட்டிருந்த சப்பாத்து மட்டும் வரப்பில் கிடக்கிறது. பெண்சாதி சொல்வதை யாரும் நம்பவில்லை. நீதான் கொன்று புதைத்தாய் என்று பொலிஸ்காரன் தோட்டத்தைக் கிண்டுகிறான். தூக்கிப் போனவர்களைக் காட்டவேயில்லை, சோளம் மட்டும் அசைகிறது. பக்கத்தில் இருந்த ஆள் பயத்தில் என் தொடையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரென்று எனக்கும் தெரியாது, நான் யாரென்று அவருக்கும் தெரியாது. கடைசியில் றோட்டில் ஒருவன் நடந்து வருகிறான். முகம் தெரியவில்லை. அவள் கதவைத் திறக்கிறாள் —

ஹோர்ன்.

பெப்ரவரி 4, ஞாயிறு

இன்று வேலை இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில்தான், கூட்டம் கூடிவிட்டது. கதையைச் சொன்னேன். வெளிச்சம் இறங்குகிற இடத்தில் கங்காணி குறுக்கே விழுந்தார். "அந்த வெளிச்சத்த நம்ம தொரை பங்களாப் பக்கமும் ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்களேன்." சிரித்து முடியவே கொஞ்ச நேரம் ஆனது.

இராக்கம்மா சிரிக்கவில்லை. மூன்றாவது லயத்தில் இருப்பவள், கொழுந்து எடுக்கிறவள். எழுபத்து நாலு பஞ்சத்தில் அவள் புருஷன் வீரசிங்கமும் நானும் சேர்ந்துதான் கொஸ்லந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு தேடிப் போனோம். அங்கிருந்து அவன் வெல்லவாயவுக்குக் கரும்பு வெட்டப் போனவன். வரவில்லை.

"தூக்கிட்டுப் போன ஆளு திரும்பி வந்தாரா அண்ணே?" என்று கேட்டாள்.

கூட்டம் என் வாயைப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

"வந்தான்" என்றேன். "அஞ்சு வருசம் கழிச்சு, அதே சட்டையோட. அவனுக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயிருக்கு. எடுத்த எடத்துலயே கொண்டாந்து விட்டுருச்சு. பொஞ்சாதி வீட்ட விட்டு நகராம இருந்தா, அதுனாலதான் அவனுக்கு வழி தெரிஞ்சுச்சு."

ஐந்து வருஷம் என்று ஏன் சொன்னேன்?

பெப்ரவரி 6

சர்க்கார் ஒப்பந்தப்படி அடுத்த மாதம் தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக வேண்டிய இராக்கம்மா, வரமாட்டேன் என்கிறாளாம்.

பெப்ரவரி 7

அவள் தம்பி இராசையா நான் வேலை செய்கிற தேயிலைப் பெக்டரி வாசலுக்கே வந்துவிட்டான். அவன் நல்ல பையன். சின்ன வயதில் அட்டை கடித்தால்கூட அழமாட்டான், பிடுங்கி எதிரில் இருப்பவன் மேல் வைப்பான். இன்று கண் சிவந்திருந்தது.

"ஒங்க கதையால வந்த வென இது" என்றான். "மார்ச் பன்னெண்டு பயணம். எங்களோட சேத்துத்தான் அதுக்கும் பாஸ்போட்டு வந்திருக்கு. தோட்டத்துச் செக்றோல் கணக்குல பேரு வெட்டியாச்சு, அது இருக்கிற லயத்துக் காம்பராவ வேற ஆளுக்கு எழுதியாச்சு. இங்க நின்னா அதுக்கு அரிசி ஏது, எடம் ஏது? இந்த நாடும் இல்ல, அந்த நாடும் இல்ல. றோட்டுல நிக்கும். நீங்க சோறு போடுவீங்களா?"

"கதைக்குச் சொன்னேன்பா."

"அப்ப கதைக்குத்தான்னு அதுகிட்டச் சொல்லுங்க."

பெப்ரவரி 8

சொல்லிப் பார்த்தேன். பகல் கொழுந்து நிறுக்கிற இடத்தில், பேர் வெட்டிய பிறகும் கூட்டாளி ஒருத்திக்காக எடுத்த கூடையை இறக்கிவிட்டு நின்றாள்.

"இராக்கு, அந்த முடிவு நானாச் சொன்னது. நான் படத்த முழுசாப் பாக்கல."

அவள் சிரித்தாள். "தம்பி சொல்லச் சொல்லுச்சா?"

"சத்தியமா."

"விடுங்கண்ணே. அம்புட்டுக் காசு போட்டுப் படம் எடுத்தவன், அந்தாளத் திருப்பிக் கொண்டாந்து விடாமயா எடுப்பான்?"

பதினோரு வருஷம் பொய் முடிவு சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். ஒரே ஒரு தரம் உண்மையைச் சொன்னேன், அது எடுபடவில்லை. உண்மையான முடிவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நம்புவாளோ?

பெப்ரவரி 10, சனி

நீ போ, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றதும் மொஹிதீன், "என்ன, பதுளையில வீடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். லத்தீப் நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். வழியில் மாட்டு வைத்தியரைப் பார்த்து அரைமணி நேரம் அவர் பேசியதால் தொடக்கம் போய்விட்டது. பரவாயில்லை, எனக்குத் தொடக்கம் தெரியும்.

கதவைத் திறந்தவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அதே முகம், அதே நடை. பத்து நாள் மேசையில் வைத்துச் சாப்பாடு போடுகிறாள். பிறகு ஒரு நாள் நாய் தோட்டத்து மண்ணைப் பறிக்கிறது. பொலிஸ்காரன் கிண்டாமல் விட்ட ஒரே மூலை அது. உள்ளே அவள் புருஷன் கிடக்கிறான். தூக்கிப் போன அன்றைக்கே செத்துப்போனவனை அங்கேயே புதைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பது அவன் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்த வேறொன்று. அவள் திரும்பிப் பார்க்கிறாள், அது வாசலில் நிற்கிறது. படம் முடிந்தது.

தியேட்டரில் விசில் பறந்தது.

"படம் எடுத்தவன் கெட்டிக்காரப் பய, கடைசி வரைக்கும் மறச்சிட்டானே" என்றார் நானா. வெளியே வந்து பீடி பற்றவைத்த பிறகு சொன்னார். "பாவம் அந்தப் பொம்புள. புருசன் மவுத்தான அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அழுது முடிச்சிருப்பா."

பஸ்ஸில் பசறை வரைக்கும் அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது.

பெப்ரவரி 11, ஞாயிறு

கதை கேட்க வந்தார்கள். வயிற்று வலி என்று அனுப்பிவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். இங்காவது எழுதுகிறேன்.

வீரசிங்கம் கரும்பு வெட்டப் போகவில்லை. கொஸ்லந்தயில் ஒரு சிங்கள வீட்டில் இரண்டு பேரும் மூன்று நாள் மண் வெட்டினோம். கூலியாக அரைச் சாக்குக் கிழங்கு தந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்களுக்கே அப்போது இல்லை. திரும்பி வரும் வழியில் அவனுக்கு வயிற்றோட்டம். றோட்டோரம் ஒரு கடை, பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கொட்டகை. அதுக்கு மேல் அவனால் நடக்க முடியவில்லை. கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். "நீ போடா, கிழங்க வீட்டுல கொடுத்துட்டு ஆளக் கூட்டிக்கிட்டு வா" என்றான்.

போனேன். வீட்டுல புள்ள சுருண்டு கெடக்கு. அவிச்சோம். தின்னோம். மூணு கெழங்க இராக்கம்மாகிட்டக் கொடுத்து, ஒன் புருசன் கொடுத்தனுப்பினான்னேன். பாதிச் சாக்கு அவளோடது. மூணு கொடுத்தேன். ஆளக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்ல வாயெடுத்தேன், பாதிச் சாக்கு எங்கேன்னு வருமே. கரும்பு வெட்டப் போயிட்டான்னு வந்துருச்சு. வாயில வந்துருச்சு. எனக்குத்தான் வாயில எது வேணுமின்னாலும் வருமே.

நாலாம் நாள் தனியாகப் போனேன். கொட்டகை காலி. அன்று இரவே முடிந்துவிட்டதாம். கடைக்காரர் வெள்ளைத் துணி போட்டு, ஆட்களைச் சேர்த்து, பின்னால் மேட்டில் புதைத்திருந்தார். "உங்க ஆளா?" என்று கேட்டார். தலையாட்டாமல் வந்துவிட்டேன்.

அவள் ஐந்து வருஷமாக என் பொய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெப்ரவரி 15

இன்றும் சொல்லவில்லை. இராசையா பயணப் பெட்டிக்குச் சாயம் அடிக்கிறான். பச்சை.

பெப்ரவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் போகட்டும் என்று நின்றேன். கதைபோலச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "வீரசிங்கம் செத்துப் போயிட்டான் இராக்கு, அஞ்சு வருசமாச்சு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்."

"எங்கிட்டக் கொடுத்தது மூணு கெழங்கு."

"ஆமா."

"மிச்சம்?"

"தின்னுட்டோம்."

பீலித் தண்ணீரில் கையைக் கழுவினாள். "ஒங்க புள்ள பொழச்சுக்கிச்சு" என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"அஞ்சு வருசமா நான் பொட்டு வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க அண்ணே."

துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஒரு துண்டு கல்லிலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கொடுக்கவும் முடியவில்லை.

பெப்ரவரி 19

இராசையா வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அந்தக் கடை எந்த இடம் என்று மட்டும் கேட்டான். ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து போனால் கொஸ்லந்த பஜாருக்கு முந்திய வளைவு என்றேன். வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

பெப்ரவரி 22

அக்காவும் தம்பியும் பஸ் ஏறிக் கொஸ்லந்தவுக்குப் போய்விட்டு வந்தார்களாம். கங்காணி சொன்னார். கடைக்காரர் இன்னும் இருக்கிறாராம், மேட்டைக் காட்டினாராம். அங்கே இப்போது கொய்யா முளைத்திருக்கிறதாம். இராக்கம்மா ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டாளாம். கப்பல் போய்ச் சேர்வது இராமேஸ்வரத்தில். அங்கே கடலில் கரைத்துக் காரியம் செய்யப் போகிறாள்.

அப்படியென்றால் போகிறாள்.

நெற்றி வெறுமையாக இருக்கிறது. இன்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் தூரத்தில் பார்த்தேன். கணக்கில் பேர் இல்லாவிட்டாலும் இன்னமும் அந்தக் கூட்டாளிக்குக் கைகொடுக்க வருகிறாள்.

பெப்ரவரி 25, ஞாயிறு

களத்துக்கு யாரும் வரவில்லை. நானும் போகவில்லை.

மார்ச் 3, சனி

பதுளை. வேறு படம் ஓடுகிறது. உள்ளே போகவில்லை. ஸ்டேசன் வாங்கில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற குடும்பங்கள் இரண்டு மூன்று இருந்தன. ஒரு கிழவர் அம்மிக்கல்லைச் சாக்கில் கட்டி மடியில் வைத்திருந்தார். "அங்க கல்லு இருக்கும் தாத்தா" என்றேன். "இருக்கும். இது பழகுன கல்லு" என்றார்.

மார்ச் 11

பயணம் சொல்ல இராசையாவும் அவன் பெண்சாதியும் எல்லா வீட்டுக்கும் போனார்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார்கள். நடந்ததெல்லாம் என் பெண்சாதிக்கு இப்போது தெரியும். சாக்குக் கிழங்கை அவித்தவள் அவள்தான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, அடுப்போடு பேசுகிறாள்.

மார்ச் 12, திங்கள்

விடிந்து வெயில் வந்துவிட்டது. வேலைக்குப் போகாமல் உள்ளேயே இருக்கிறேன். வெளியே ஒரே அழுகையும் சிரிப்பும். கோழியை யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். ஸ்டேசனுக்குப் பெட்டி ஏற்ற மொஹிதீன் லொறியைத்தான் தொரை கொடுத்திருக்கிறார். லொறி போன பிறகு வெளியே போகலாம் என்று நினைத்தேன். அவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது, எந்த முகத்தோடு என்றும் —

இராசையா வந்து வாசலில் நிற்கிறான். உள்ளே பார்க்காமல், றோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான். "அண்ணே, அக்கா பெட்டிய யாரையும் தொட விடமாட்டேங்குது. செவனண்ணன் வந்து தூக்கட்டும்னு மேலயே உக்காந்திருக்கு. வாங்க, லொறி நிக்குது."

அந்தப் பெட்டிக்குள்தான் மண் முடிச்சு இருக்கும். நான் போய் அதை —

ஹோர்ன்.