தோலில் அடித்த பெயர்

ஆம்பூர்

என் வீட்டுக்காரருக்கு,

வாலாஜாபேட்டையில் உங்கள் அக்காள் வீட்டில் ஒளிந்துகொண்டு, சரிகைத் தலைப்பாகையை அனுப்பச் சொல்லி ஆள் விடுகிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

பட்டணத்தில் தோல் விலை ஏறுகிறது என்றதும், பதனிட ஆவாரம்பட்டைத் தொட்டியில் போட்டுப் பாதிதான் ஊறியிருந்த தோலை அவசரமாக எடுத்து அனுப்பினீர்கள். நான் வேண்டாம் என்றேன். கேட்டீர்களா? அதோடு விட்டீர்களா? அப்பா காலத்து யானை முத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு தோலிலும் உங்கள் முழுப் பெயரை அடிக்க வைத்தீர்கள். “சீமையில இருக்கிற தொரைங்க எல்லாம் என் பேரைப் படிக்கட்டும்டி” என்றீர்கள்.

கப்பலில் ஏற்றும் முன்பே எல்லாம் அழுகித் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஆம்பூரே உங்கள் பெயரைப் படிக்கிறது. “இன்னாம்மா, தெருவே நாறுது!” என்று வண்டிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிப் போட்டான்.

கெடாத துண்டுகளைச் செருப்புத் தைக்கிறவர் எடுத்துக்கொள்வாராம். ஆனால் அந்தப் பெயர் இருக்கக் கூடாதாம். அதனால் கல்யாணமான நாள் முதல் வாயால் சொல்லாத பெயரை உட்கார்ந்து கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பாகை வராது. அதைக் கிழித்துத்தான் நானும் பிள்ளைகளும் மூக்கில் கட்டியிருக்கிறோம்.

வெட்கமாக இருந்தால் இருட்டின பிறகு வாருங்கள். உங்களுக்கும் ஒரு கத்தி தீட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி