அசி என்றால் உட்கார்

உங்கள் பட்டாளத்துக் கூடாரத் துணியை இன்று மொட்டைமாடியில் காயப் போட்டேன். பூஞ்சையும் பிராந்தியும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. ஊரே உங்களை நல்ல மனுஷன் என்கிறது. ஊர் உங்களோடு கூடாரத்தில் தங்கியதில்லை.

அந்தக் கோடையில், ஆறு கடலில் கலக்கிற இடத்துச் சவுக்குத் தோப்பில் போய்த் தங்கினோம். பிஜுவையும் கூட்டி வந்தீர்கள். சைகோனிலிருந்து திரும்பிய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயின் நாய் அல்லவா, அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான். 'இசி' என்றால் வரும். 'அசி' என்றால் உட்காரும். என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். சோறு வைத்தவள் நான், ஆனால் எனக்குச் சொல்லித்தர மாட்டீர்கள். "பொம்பளைங்க பேச்சக் கேட்டா நாய் கெட்டுப்போயிடும்" என்பீர்கள்.

காலையில் நாயைக் கட்டிய மரத்தின் நிழல் நகர்ந்துவிட்டது. மதியம் பிஜு கொதிக்கிற மணலில் கால் மாற்றி மாற்றி நின்றது. "நெழல்ல மாத்திக் கட்டுங்க, தண்ணி வைங்க" என்று கெஞ்சினேன். "பட்டாளத்து நாய்டீ, தாங்கும்" என்று சிகரெட் பற்றவைத்தீர்கள். நானே அவிழ்த்தேன். சூடு பொறுக்காமல் திமிறிக்கொண்டு கடலுக்குள் ஓடியது.

"வா, வா" என்று கத்தினேன். அதற்குப் புரியவில்லை. பதற்றத்தில் வாயில் வந்ததைக் கூவினேன்: "அசி! பிஜு, அசி!"

அது திரும்பி என்னைப் பார்த்தது. சொல்லைத் தட்டாமல் அலைக்குள்ளேயே உட்கார்ந்தது.

நீங்கள் சிரித்தீர்கள். "அடியே, நீ ஒக்காரச் சொல்றடீ!"

"நீங்க கூப்புடுங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமா போவும்!" எனக்கு நீந்தத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சிகரெட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். அதற்குள் பெரிய அலை ஒன்று வந்து போயிருந்தது. நீங்கள் 'இசி' என்று கூப்பிட்டபோது வர அங்கே யாரும் இல்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே வேடிக்கையாகச் சொன்னீர்கள். "எம் பொண்டாட்டி பிரெஞ்சு பேசியே நாயக் கொன்னவ." அவர்கள் சிரிப்பார்கள். நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போவேன்.

செத்தவரை மன்னித்துவிடு என்று மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியார் சொல்கிறார். உங்கள் குடியை மன்னித்துவிட்டேன். கைநீட்டி அடித்ததைக்கூட மன்னித்தாயிற்று. உட்கார்ந்தபடியே நீங்கள் இழுத்து முடித்த அந்தப் பாதி சிகரெட்டை மட்டும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.