கருந்துறைப்பாடி ஏரிக்கரை குறித்து அறப்பேரவைக்கு

நலம் விளைக. ஏழருவிக் காவலர், நீலவரைக் கோமான் மாவளத்தேவரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, அவர்தம் முதலமைச்சன் இளவெயினன் எழுதும் ஓலை. நெல்லும் உப்பும் குன்றாத வளைகுடி நகரிலே, எளியோர்க்கு உதவும் அறப்பேரவையின் தலைவராய் வீற்றிருக்கும் ஆதிச்சநம்பியார் காண்க. நும் நகரும் மனையும் வாழ்க.

மலையடிக் கருந்துறைப்பாடிக்கு நும் பேரவை ஏரி அமைத்துக் கொடுத்ததென்றும், ஊரார் வெற்றிலை தந்து மனமுவந்து இசைந்தனரென்றும் நீர் விடுத்த மடல் அரசவையில் படிக்கப்பட்டது. அவையோர் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். அதை நினைத்தால் இன்று வெட்கமாயிருக்கிறது.

ஏனெனில் நேரிற் சென்றேன். ஊர்த்தலைவி சாத்தி கூறியதை ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகிறேன்: "வெத்திலையக் கவுத்துல்ல நீட்டுனோம் ஐயா! வேண்டாம்னு எங்க ஊருல வேற எப்படிச் சொல்லுவாங்க? வாங்கி மென்னுட்டுப் போயிட்டாங்களே!"

ஏன் வேண்டாமென்றீர் என வினவினேன். கரை நிற்குமிடம் பெருமழையில் காட்டாறு இறங்கும் வழியென்றும், அடியில் வெறும் மணலென்றும், இதை நும் பணியாளர் ஒருவரும் கேட்கவில்லையென்றும் உரைத்தாள். அவர்தம் வாய் மெல்லுவதிலே முனைந்திருந்தது போலும்!

கரையின் நடுவே வெடிப்பு ஒன்று கண்டேன். கையை விட்டேன், முழங்கை வரை உள்ளே சென்றது. வெளியே எடுத்தபோது கை நனைந்திருந்தது. ஏரியோ முக்காலும் நிறைந்துள்ளது. நீரை வடிக்க மதகு எங்கே என்றேன். மதகு இருக்கவேண்டிய இடத்தில் நும் பேரவையின் புகழ் பொறித்த கல் நிற்கிறது. அழகிய எழுத்து, பிழையே இல்லை.

கரைக்குக் கீழே நூற்றுப்பத்து வீடுகள். குடிகள் அனைவரையும் ஆடுமாடுகளோடு மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். விதைத்த வயலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். அரசவைத் தச்சர் கரையின் ஓரத்தில் மதகு வெட்டத் தொடங்கியுள்ளனர். முடிய இருபது நாள் ஆகுமென்கின்றனர். கரை அதுவரை தாங்குமா என்றால் மலைமேல் மேகத்தைப் பார்க்கின்றனர்.

ஆதலின் அரசர் ஆணை இது. நீரும் பேரவையார் பன்னிருவரும் உடனே புறப்பட்டு வந்து, குடிகள் விட்டுச்சென்ற அவ்வீடுகளிலே, கரைக்கு மிக அருகிலுள்ள வரிசையில் தங்குக. ஏரி வடியும் வரை அங்கிருந்து நீங்கலாகாது. நும் கருத்தை அறிந்துவர எவரையும் அனுப்பவில்லை. இவ்வோலை கொணரும் குதிரைவீரர் நாற்பதின்மரும் நும்மோடு துணை வருவர்.

அரசர் திருமுன் முத்திரை இட்டேன். மலையில் மழை பிடித்துவிட்டது, விரைந்து வருக.