ராமாயி போட்ட கூரைப் படம்

ஊத்துக்குளி
9.3.2025

மாமாவுக்கு ராமாயி எழுதிக்கறது. நான் நல்லா இருக்கறேன், சித்ரா நல்லா இருக்கறா, எருமை எங்க ரெண்டு பேரையும் விட நல்லா இருக்குது. இதைப் பிரிச்சுப் படிக்கற ஜெயில் சாருக்கும் வணக்கமுங்க. எழுத்து கோழி கெளறுனாப்பல இருந்தா பொறுத்துக்கோங்க சார். நாலாங்கிளாசுக்கு மேல வாத்தியார் என்னைப் பொறுத்துக்கலை.

பனியன் கம்பெனில ஆர்டர் கொறைஞ்சு போச்சு. வாரத்துல மூணு நாள்தான் செக்கிங் வேலை. சும்மா இருக்கேன்னு ஆபீஸ் ஆஷா அவளோட பழைய லேப்டாப்பைக் குடுத்துட்டா. அதுல ஊடு வரையற சாப்ட்வேர் ஒண்ணு இருக்குது. சிரிக்காதீங்க, நாந்தான் வரையறேன். மொத நாள் வரைஞ்ச ஊட்டுக்குக் கதவு வெக்க மறந்துட்டேன். சித்ரா பாத்துட்டு, "ஏனுங்க அக்கா, மாமா வந்தா எப்படி உள்ள வருவாரு?"ன்னா. "செவரேறிக் குதிக்கட்டும், அங்க பழகியிருப்பாரு"ன்னேன். வாய்விட்டுச் சிரிச்சா மாமா. புருசன் போனதுக்கப்பறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கலை.

விசயம் என்னன்னா நம்ம கூரை. முன்ரூம்பு ஒரு கூரை, சமையக்கட்டு ஒரு கூரை, எந்தம்பி பொங்கியண்ணன் போனப்பறம் சித்ராவுக்குன்னு பக்கத்துல இழுத்துக் கட்டுனமே, அது ஒரு கூரை. மூணும் சேர்ற எடத்துல போன மழைக்கு ஒழுகி அரிசி மூட்டை நனைஞ்சுது. ஓட்டைப் பிரிச்சுட்டு மூணுக்கும் ஒண்ணா ஷீட்டுப் போட்டுறலாம்னு இருக்கறேன். சாப்ட்வேர்ல செவரை வரைஞ்சு பொத்தானை அமுக்குனா கூரை தானா மொளைக்குது. ஆனா நம்மூடு மூணு துண்டுங்களே, மூணும் மொளைச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, டவுன் பஸ்ஸுல சீட்டுக்கு ஏறுறாப்பல. சமையக்கட்டுக் கூரை முன்ரூம்பு கூரையைப் பொத்துக்கிட்டு மூக்கை நீட்டுது.

பிரிண்டு வெச்சிருக்கறேன். செவப்புப் பேனால திருத்தி அனுப்புங்க. ஊரெல்லாம் ஷெட்டுக்குக் கூரை போட்டவரு பொண்டாட்டி தப்பாப் போட்டான்னு பேரு வரக்கூடாது. முதலிபாளையத்துல நீங்க போட்ட அந்த ஒரு ஷெட்டு காத்துல விழுந்துச்சு, எந்தம்பி அடியில மாட்டுனான். அது காத்து செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியலை. ஆடிக்காத்துக்கு முந்திக் கூரையை முடிச்சுடறேன். ஆவணில உட்டுருவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. புதுக்கூரைக்கு அடியில வந்து காலை நீட்டிப் படுங்க.

உங்கள்
ராமாயி


20.3.2025

அன்புள்ள ராமாயி,

படம் கிடைத்தது. நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். மூன்று துண்டுக்கும் ஒரே சரிவு வை. அகலம் குறைவான துண்டின் உச்சி தானாகவே தாழ்ந்து வரும், ஒன்றை ஒன்று குத்தாது. இரண்டு சரிவு சந்திக்கிற மூலையில் வாய்க்கால் மாதிரி தகடு வளைத்துப் போட வேண்டும். ஒழுகுவது எப்போதும் அங்கேதான்.

வேலையை வேல்குமாரிடம் கொடு. என்னிடம் வெல்டிங் பழகியவன், கை சுத்தம். அவனே வந்து அளக்கட்டும். நீ அளந்ததை வைத்து இரும்பு வெட்ட வேண்டாம்.

இன்னொன்று. சித்ரா பக்கத்தை நம்மோடு சேர்க்காதே. இரண்டடி தள்ளித் தனிக் கூரையாக நிற்கட்டும். நான் வந்து அவள் முகத்தில் முழித்துக்கொண்டு ஒரே கூரைக்குள் இருக்க முடியாது. காரணம் கேட்காதே.

உன் லெட்டரைப் படித்துக் காட்டச் சொல்லி இங்கே நாலு பேர் நிற்கிறார்கள். நிறைய எழுது.

தங்கதுரை


6.4.2025

மாமாவுக்கு,

உங்க ஜெயில் ரசிகருங்களுக்கு மொதல்ல ஒரு வணக்கம். டிக்கெட்டு போடுங்க, பாதி எனக்கு.

நீங்க சொன்னாப்பல ஒரே சரிவு வெச்சேன். சமையக்கட்டு மூக்கு உள்ள போயிருச்சு. ஆனா சித்ரா கூரையைத் தள்ளி வெக்க மாட்டேன், அதை மட்டும் கேக்காதீங்க. அவ முகத்துல முழிக்க உங்களுக்கு என்ன வெக்கம்? கோர்ட்டுல ஏறி, "காத்துலதான் விழுந்துச்சு, எங்க மாமா மேல தப்பில்லீங்க"ன்னு சொன்னவ அவ. அவ சொன்னதாலதான் ஒண்ணரை வருசத்தோட போச்சுன்னு வக்கீலே சொன்னாரு.

வேல்குமார் நேத்து வந்தான். முன்ரூம்பு பக்கத்தை மட்டும் அளந்துட்டு, டீக்கு நேரமாச்சுன்னு உக்காந்துட்டான். சித்ரா பக்கத்துக்கு நான் முன்னாடி அளந்து வெச்சதையே லேப்டாப்புல போட்டேன். ரெண்டு கூரையும் சேரவே மாட்டேங்குது. நடுவுல ஒரு சந்து, அதுவழியா வானம் தெரியுது. இழுத்துப் பாத்தேன், தள்ளிப் பாத்தேன். "ஏன்டா, நீ அளந்தது தப்பா, நான் அளந்தது தப்பா?"ன்னு கேட்டேன். மறுக்கா அளந்தான். நான் முப்பதடின்னு போட்ட செவரு அவனுக்கு முப்பதரை. என் டேப்பை வாங்கி அவனோட இரும்பு டேப்பு பக்கத்துல நீட்டிப் புடிச்சான். அஞ்சடிக்கு ஒரு இஞ்சு இழுபட்டுக் கெடக்குது.

அது செக்கிங் டேபிள் டேப்பு மாமா. தெனமும் பனியனை இழுத்து இழுத்து அளந்தா அதுவும் இழுபட்டுப் போகும். அதனாலதான் கம்பெனில மாசாமாசம் ஸ்கேல்ல வெச்சுப் பாத்துக் கழிச்சுப் போடுவாங்க. கழிச்சதை நாந்தான் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

"அக்கா, இதுல அளந்து இரும்பு வெட்டியிருந்தா அரையடி பத்தாம நின்னிருக்கும்"னு சொல்லிச் சிரிச்சான் வேல்குமார். நானும் சிரிச்சேன். அப்பறம் டீ டம்ளரை வெச்சுட்டு எருமைக்கிட்டப் போய் நின்னுக்கிட்டேன்.

முதலிபாளையம் ஷெட்டுக்கு அளவெடுக்கப் போற அன்னிக்கு உங்க இரும்பு டேப்பு அறுந்து போச்சு. "உன்னுதைக் குடு"ன்னு கேட்டீங்க. "ஜட்டிக்கு அளவெடுக்கற டேப்புல ஷெட்டுக்கு அளவா, கூரைக்கு எலாஸ்டிக் வெப்பீங்களா?"ன்னு நாந்தான் கிண்டல் பண்ணிக் குடுத்தேன். அந்த டேப்புத்தான் இது.

எந்தம்பியை நாந்தான் கொன்னனா மாமா? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் என்னைக் காப்பாத்தறதுக்கு வாயத் தொறக்காம ஜெயிலுக்குப் போனீங்களா? சோறு எறங்கலை. சித்ரா எதுத்தாப்பல உக்காந்து சாப்புடறா, நிமுந்து பாக்க முடியலை. உள்ளதை எழுதுங்க.

ராமாயி


17.4.2025

ராமாயி,

நீ கொல்லவில்லை. இதை முதலில் படித்துவிட்டு மேலே படி.

டேப் நீ கொடுத்ததுதான். அளவு தப்பினதும் அதனால்தான். ஆனால் இரும்புச் சட்டத்தை மேலே ஏற்றின அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. சுவருக்கு எட்டாமல் அரையடி குறைவாக நின்றது. திருப்பி அனுப்பிப் புதிதாக வெட்ட நாலு நாள் ஆகும். மறுநாள் மிஷின் வந்து இறங்குகிறது, கம்பெனிக்காரர் நிற்கிறார். நான் எல்லாச் சட்டத்துக்கும் முனையில் அரையடித் துண்டை ஒட்டு வைத்து வெல்டிங் அடித்தேன். சாயங்காலத்துக்குள் பெயிண்ட் அடித்து மறைத்தேன். நின்றுவிடும் என்று நினைத்தேன். முப்பது அடிக் கூரையை ஒட்டில் நிறுத்தக் கூடாது என்று வேல்குமாருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

மாப்பிள்ளை பொங்கியண்ணன் அந்த ஷெட்டில் அயர்னிங் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேலே பார்த்துக் கேட்டான். "மாமா, அங்க என்ன ஒட்டுப் போட்டாப்பல தெரியுது?" என்றான். "நீ அயர்ன் பாக்ஸைப் பாருடா, மேல இருக்கறதை நான் பாத்துக்கறேன்" என்றேன். பதினோராம் நாள் காற்று அடித்தது. பக்கத்து ஷெட் எதுவும் விழவில்லை.

போலீஸிலும் கோர்ட்டிலும் காற்று என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. சொன்னால் நீ என்னோடு இருக்க மாட்டாய் என்று பயந்துதான். டேப் விசயம் உனக்குத் தெரியாமலே போயிருந்தால் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீ சோறு எறங்கலை என்று எழுதின பிறகு முடியவில்லை.

சாப்பிடு.

தங்கதுரை


ஊத்துக்குளி
8.6.2025

தங்கதுரை அவர்களுக்கு,

லெட்டர் வந்து ஒண்ணரை மாசமாச்சு. எத்தனை தடவை படிச்சேன்னு எண்ணலை. என் மேல பழியில்லைன்னு எழுதுனீங்க. எழுதாம உட்டிருந்தா நான் தப்பு என்னுதுன்னே நெனச்சுக்கிட்டு, ஆவணில உங்களுக்குக் கோழிக்கொழம்பு வெச்சுப் பரிமாறியிருப்பேன். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் எழுதுனீங்க. அதுக்கு உங்களைக் கும்புடறேன்.

ஆனா சித்ரா கூண்டுல ஏறறதுக்கு முந்தி அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "காத்துன்னு சொல்லு கண்ணு, உங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு"ன்னு சொன்னது நான். பத்தடி தள்ளி நின்னு நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. புருசனைப் பறிகுடுத்தவளை உங்களுக்காவப் பேச வெச்சிருக்கறேன். இதை என்னால முழுங்க முடியலைங்க.

லெட்டரை அவகிட்டக் குடுத்துட்டேன். குடுக்காம அவளோட ஒரு அடுப்புல சமைக்க எனக்கு மனசு வரலை. நின்னுக்கிட்டே படிச்சா. "அவரு மேல பாத்துக் கேட்டாராக்கா?"ன்னு அது ஒண்ணுதான் கேட்டா. ஆமான்னேன். மடிச்சுக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டா. அன்னிக்குக் கம்பெனி வேன்ல ஏற மறந்து ரோட்டுல நடந்தே போனாளாம்.

கூரை முடிஞ்சுது. வேல்குமார் எல்லாத்தையும் அளந்து, நான் லேப்டாப்புல திருத்தி, மூணையும் சேத்துத்தான் போட்டிருக்கறோம். எங்கியும் ஒட்டு இல்லை. மொத மழைக்கு ஒரு சொட்டு எறங்கலை. சித்ராவுக்கு வேற போக்கிடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன். அவ இருக்கற கூரைக்கு அடியில நீங்க இருக்க முடியாதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. அது சரிதானுங்க.

காங்கேயத்துல உங்க அண்ணன்கிட்டப் பேசிட்டேன். எண்ணெய் மில்லுக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்குதாம். உங்க துணிமணி, வெல்டிங் சாமான், கண்ணாடி எல்லாத்தையும் போன வாரமே அனுப்பிட்டேன். ஆவணில வெளிய வந்ததும் அங்கயே போயிருங்க. இந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டாம்.

உங்க கூட இருக்கறவங்க லெட்டர் எங்கன்னு கேப்பாங்க. சிரிக்கறாப்பல ரெண்டு வரி எழுதலாம்னுதான் உக்காந்தேன். வரலைங்க.

பொங்கியண்ணன் அக்கா,
ராமாயி