கிளிப் போட்ட அத்தியாயம்

அடியே கோபக்காரி,

நாம் பேசி ஆறு வருஷம். அதை விடு. நான் பாடம் எடுக்கும் ஐந்தாம் வகுப்புக் கதையைக் கேள்.

பிள்ளைகளுக்கு ஒரு நாவல் வாசித்துக் காட்டுகிறேன், இரண்டு தோழிகள் கதை. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒருத்தி மன்னிப்புக் கேட்பாள். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் கிளிப் போட்டு, வருஷா வருஷம் பத்துக்குத் தாவிவிடுவேன்.

இன்று முன்பெஞ்சு வாயாடி விடவில்லை. "டீச்சர், எட்டுல சண்டை, பத்துல ஒண்ணா சைக்கிள்ல போறாங்க. நடுவுல யாரு முதல்ல பேசினா?"

கிளிப்பைக் கழற்றி வாசித்தேன்.

"தப்பு பண்ணவதான் பேசியிருக்கா. இதுக்குப் போயா ஒளிச்சு வச்சீங்க?" என்றாள்.

நம் சண்டையிலும் தப்பு என்னுடையதுதான். அப்பாடா, சொல்லிவிட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உள்ளே உட்கார வைத்துத் திட்டு.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்கு வராதவள்